மூன்றாம் பக்கம், ஐந்தாவது வரி

தம்பு செட்டித் தெருவில்
மாடிப்படிக்கு அடியில் என் மேசை.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்,
பொடி எழுத்தென்றால் இருநூறு.
இன்று வந்தது ஆறு பக்கக் குற்றக் குறிப்பாணை.
ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் வேண்டும்,
நாளைக் காலை பத்தரைக்குள்.

இரண்டு பக்கம் தடங்கலில்லை.
பணிமனை, தேதி, ஷிப்டு, வண்டி எண்.
மூன்றாம் பக்கம், ஐந்தாவது வரியில்
டிஃபையன்ஸ் என்றொரு சொல்
மூலக்கடை சிக்னலில் மக்கர் பண்ணிய லாரிபோலக்
குறுக்கே நிற்கிறது.
பின்னால் வரும் சொற்களெல்லாம் ஹாரன் அடிக்கின்றன.

கீழ்ப்படியாமை என்று அடித்தேன்.
அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே
ஒரு கீழ்ப்படி கட்டியிருக்கிறது.
யார் அதில் நிற்கவேண்டும் என்பதும் முடிவாகியிருக்கிறது.
அழித்தேன்.

திமிர்?
அது எப்போதும் அடுத்தவருக்கு இருப்பது.
எனக்கு இருப்பதாகக் கொழுந்தனார் சொல்வார்,
நான் காபி போட எழுந்திருக்காத ஞாயிற்றுக்கிழமைகளில்.
கிழமைகள் என்ன கிழமைகள்,
ஒரே ஒரு ஞாயிறு.

அடங்காமை என்று போடலாம்.
ஆனால் வாசலுக்கு நேர் சுவரில்
முந்தாநாள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்:
நல்லடக்கம் மாலை நான்கு மணி, காசிமேடு.
புதைப்பதுதான் அடக்கம் என்றால்
அடங்காமைக்கு ஒருவரைக் குற்றம் சொல்வது
இன்னும் மூச்சு விடுகிறாயே என்று கேட்பதுபோல.

மீறல் ஆகவே ஆகாது.
மீறுவதற்கு ஏதாவது ஒரு கோட்டைத் தாண்டவேண்டும்.
இந்த மனிதர் பணிமனைக் கேட்டைக்கூடத் தாண்டவில்லை.
தாண்டாததுதான் வழக்கு.

நடந்தது இவ்வளவு:
விடிகாலை நான்கு பத்து.
ஓட்டுநர் எத்திராஜ், வயது ஐம்பத்தொன்று,
வண்டியில் ஏறி, மிதித்துப் பார்த்து, இறங்கி,
'பிரேக்கில் காற்று நிற்கவில்லை' என்று நோட்டில் எழுதிச்
சாவியை மேசைமேல் வைத்தார்.
எடுங்க.
மாட்டேன் சார்.
எடுய்யா.
மாட்டேன் சார்.
பிறகு பெஞ்சில் உட்கார்ந்து
பன்னை டீயில் தொட்டுத் தின்றார்.
பன் தின்றது தனிக் குற்றச்சாட்டு, பிரிவு ஆ.
அந்த வண்டியை வேறொருவர் எடுத்துப் போனார்.
திருவொற்றியூர் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்.
ஒன்றும் ஆகவில்லை.
அதையும் எழுதியிருக்கிறார்கள், ஆதாரமாக.

'எதிர்ப்புன்னு போட்டுட்டு எழுந்திரும்மா,
ஆளு பேர்லயே எதிர் இருக்கு' என்கிறார்
பக்கத்து மெஷின் தாவூத் பாய்.
எத்திராஜுக்கும் எதிருக்கும் உறவில்லை பாய்,
அது யதிராஜன், துறவிகளுக்கு அரசன்.
'அப்ப அவரு ஏன் பஸ் ஓட்றாரு?'

சிரித்துவிட்டுத் திரும்பினால்
எதிர் அங்கேயே இருக்கிறது.
எதிர்வீட்டில், எதிர்க்காற்றில், எதிரொலியில்,
இன்னும் வராத நாள்களுக்கெல்லாம் சேர்த்து
நாம் வைத்த பெயரிலும்.
பள்ளியில் மனப்பாடம் செய்த
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கிறது:
ஓட்டா ஓட்டுநர்.
ஈறு கெட்டது, வேலை கெட்டது,
மறுப்பு மட்டும் கெடாமல்.

இதை யார் படிக்கப்போகிறார்கள்?
வக்கீல் ஆங்கிலத்தில் படிப்பார். விசாரணை அதிகாரியும்.
தமிழ், எத்திராஜுக்கு மட்டும்.
தான் செய்ததற்கு என்ன பெயர் என்று
என் எழுத்தில்தான் அவர் தெரிந்துகொள்ளவேண்டும்.

அடித்தேன்:
'ஆணையிடப்பட்டபோது, மாட்டேன் என்றது.'
கீழே, மொழிபெயர்ப்பு சரியென்று கையெழுத்து.
அனுப்பிவிட்டேன்.

ஆறரைக்கு வக்கீல் குமாஸ்தாவின் போன்.
கேட்கப்போவது தெரியும்:
அஞ்சாவது வரியில என்னம்மா பண்ணி வச்சிருக்க, மாத்து.
மூன்று முறை அடிக்கவிட்டு
நெஞ்சில் காற்று நிற்கிறதா என்று
ஒருதடவை மிதித்துப் பார்க்கிறேன்.