இரவல் ஆள்

பதினோரு பேரோடு வந்து நின்றது ஸ்கேல்வெயிட்டின் வேன்.
மீதிப் பேரில் இருவர் வீட்டில் ஆடுகள் குட்டி போடுகின்றன.
ஒருவனுக்குக் கல்யாணம், அவனுடையதே.
இன்னொருவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கம்பிரியா கவுண்டி லீக்கின் அடி டிவிஷனில்
எங்களுக்குக் கீழே அவர்கள் மட்டும்.
அவர்களுக்குக் கீழே
சேறு.

இந்தப் பக்கம் ஒரு வழக்கம்:
வந்தவனுக்குக் கை குறைந்தால்
இருப்பவன் கொடுக்க வேண்டும்.
ஏணியைக் கொடுப்பதுபோல, டிராக்டர் பேட்டரியைக் கொடுப்பதுபோல
ஆளையும்.
நாங்கள் பதினேழு பேர்.
இரண்டு பேரைத் தள்ளிவிட்டால்
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று, ஆட்டம் நடக்கும்.

"முன்வரிசைக்கு ஒருத்தன் வேணும், கனமா,"
என்றான் அவர்கள் கேப்டன் லான்டி பியூஷர்.
எல்லோரும் கிளெம்மைப் பார்த்தோம்.
கிளெம் ஃபியரன், நாற்பத்தாறு வயது,
பனிக்காலம் முழுக்கக் கவுன்சில் லாரியில்
சாலைக்கு உப்புத் தூவுகிறவன்.
எங்கள் சிவப்பைக் கழற்றி அவர்கள் மஞ்சளைப் போட்டான்.
தொப்புள் வரைதான் வந்தது.

இருபத்திரண்டு வருடம் என் வலது தோளில் கிடந்தவன்.
அவன் மூச்சு எப்போது வாங்கும், எப்போது விடும்,
எந்த முழங்கால் முதலில் மடியும்,
அவன் மனைவிக்குக்கூட இவ்வளவு தெரியாது.
ஆனால் முகம்?
ஸ்க்ரம்முக்குள் அவனுக்கு முகம் இருந்ததே இல்லை எனக்கு.
கசக்கி எறிந்த ரசீதுபோல ஒரு காது, அவ்வளவுதான்.

ரெஃபரி ரோவேனா ஹெஸ்கெத், வாரநாளில் பல் டாக்டர்,
அதே குரலில் சொன்னாள்:
குனி.
பற்று.
முட்டு.

கன்னத்தோடு கன்னம்.
தைலம், நேற்றைய வெங்காயம், உப்பு.
எட்டுப் பேர் பாரம் முதுகில் ஏற
என் காதுக்குள் கேட்டான்:
"கொதிகலன் ரிப்பேர் பண்ண ஆள் வந்தானா?"
வந்தான், என்றேன்.
பந்து அவர்கள் பக்கம் போய்விட்டது.

பன்னிரண்டுக்குப் பத்து. முன்னணியில் நாங்கள்.
ரெஃபரி மணிக்கட்டைப் பார்க்கிறாள்.
சரிவான மைதானம், மேலேயிருந்து காற்று.
எங்கள் கடைசிப் பையன் கோரி அண்ணாந்து நிற்கிறான்.
முட்டையாய்ப் பிறந்த பந்து அது,
எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது.
அவன் மார்பில் பட்டு, முழங்காலில் பட்டு
கோட்டுக்கு ஐந்து கெஜத்தில் உருள,
அங்கே யார்?
முந்தைய மோதலிலிருந்து எழ நேரமாகி
திரும்பிப் போக மறந்து நின்ற கிளெம்.

எடுத்தான். நடந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.
நான் பிடித்தேன்.
மஞ்சள் துணியின் ஓரம் என் மூன்று விரல்களில் இருந்தது.
பிறகு இல்லை.
ஈரத்துணி, நழுவிவிட்டது என்றேன் கேட்டவர்களிடம்.
கேட்டவர்கள் என் விரல்களைப் பார்த்தார்கள்.

முந்நூறு ஆட்டத்தில் ஒன்றுகூடப் போடாதவன்,
பந்தை வைத்த இடத்திலேயே
அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான்.
அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை அவனுக்கு.
கோட்டைத் தாண்டி மண்ணில் பந்தை வைப்பதற்கு
'டிரை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.
வெறும் முயற்சி.
யாரும் கைதட்டவில்லை முதலில்.
பிறகு லான்டி தட்டினான்,
பிறகு எங்கள் பெஞ்சு,
வெட்கமில்லாமல், நின்றுகொண்டு.

கிளப்பில் செயலாளர் டொரீன் பேனாவைக் கடித்தபடி
முடிவுத்தாளில் எழுதினாள்:
ஸ்கேல்வெயிட் 15, ஹேவர்பெக் 12.
அடித்தவர் கட்டத்தில் பேரை எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினாள்.
எங்கள் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வழியில்லை,
அவன் எங்களுக்கு எதிராகப் போட்டிருக்கிறான்.

இறைச்சி பை ஒரு கையில், போன் ஒரு கையில்,
மஞ்சளை இன்னும் கழற்றாமல்
மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான் கிளெம்:
"தோத்துட்டோம். ஆமா. கேவலமா தோத்துட்டோம்."
சிரிப்பை அடக்கவே முடியவில்லை அவனால்.

ஜெர்சியைத் துவைத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.
மார்ச் முடியப் போகிறது.
அவர்களும் கேட்கவில்லை.