மேற்குச் சுவர்

பத்துக்குப் பன்னிரண்டு.
மாடியில் ஒற்றை அறை, ஒட்டினாற்போல் குளியலறை.
ஐந்தே முக்காலில் முடித்துத் தருவதாக
தவசிமணி மேஸ்திரி
சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.
அதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்,
செத்தவர் படம் மாதிரி.

அஸ்திவாரச் செலவு இல்லையே என்றார் இவர்
மஸ்கட்டிலிருந்து.
மாடிக்கு அஸ்திவாரம் வேண்டாம்.
மணலை மேலே தூக்க ஆள் வேண்டும்.
ஆற்று மணல் கிடையாது, எம்சாண்ட்;
அதன் விலையை
லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் சொல்வார்கள்.
போன வாரத்து விலைக்குக் கம்பி
போன வாரம் மட்டும்தான் கிடைக்கும்.

இதற்குள் ஆனி பிறந்து
கணவாய்க் காற்று பணகுடிக்குள் இறங்கிவிட்டது.
காற்றாலை சுற்றச் சுற்ற யாருக்கோ காசு.
எனக்கு, பிரித்து வைத்த சிமெண்ட் மூட்டையில் பாதி
பக்கத்து வீட்டு மிளகாய் வத்தல் மேல்.
நோட்டில் எழுதினேன்: வத்தல், ஒரு கிலோ, 260.
"கட்டடத்துக்கு எதுக்கு வத்தல்?"
போனைத் தூக்கிக் காற்றுக்குக் காட்டினேன்.
பதில் அவருக்குக் கேட்டிருக்கும்.

ஆடியில் கொடைக்கென்று
இருபதாயிரம் அட்வான்சோடு போன தவசிமணி
பதினோராம் நாளும் வரவில்லை.
"இந்தா கெளம்பிட்டேன் தாயி" என்பார் போனில்.
பின்னால் கலவை மெஷின் ஓடும்.
எந்தச் சாமி கொடையில் கலவை மெஷின் ஓடுகிறது?
ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காவல்கிணறு போனேன்.
மூன்று மாடி. சாரத்தின் உச்சியில் அவர்.
நான் கத்தவில்லை.
கீழே மணல் குவியலில் உட்கார்ந்து
டிபன் பாக்சைத் திறந்து புளிச்சோறு தின்றேன்.
வீட்டுக்காரர் வந்து, யாரு நீங்க என்றார்.
"ஒங்களுக்கு முந்தின வீடு."
மறுநாள் ஏழரைக்கு
என் மாடியில் கரண்டிச் சத்தம்.

அந்த வாரம்தான் சித்தாள் பிரமு
சாரத்துப் பலகை ஆணியை மிதித்தாள்.
ஊசி, கட்டு, ஆட்டோ, மூன்று நாள் கூலி.
என்னிடம் அறுநூறு வாங்கி
அவளுக்கு நானூற்றைம்பது போவது
அந்த ஆட்டோவில்தான் தெரிந்தது.
நோட்டில் எழுதினேன்: ஆணி, 2,350.
"எத்தனை கிலோ?"
ஒண்ணுதான் என்றேன்.
சிரித்தார் இவர். நான் சிரிக்கவில்லை.
அந்தச் சனிக்கிழமை முதல்
பிரமுவின் கூலி பிரமுவின் கையில்.
தவசிமணி ஒரு வாரம்
என் டீயைக் குடிக்கவில்லை.

சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்த அன்று
கணக்கைக் கூட்டினேன். துண்டு விழுந்தது.
கூரையைக் குறைக்க முடியாது.
கதவில்லாமல் முடியாது.
டைல்ஸ், இவர் ஒரு ராத்திரி முழுக்க
போனில் படம் பார்த்துப் பொறுக்கியது.
மிச்சம், மேற்கு ஜன்னல்.
சட்டம், கம்பி, கண்ணாடி: பதினோராயிரத்து நானூறு.
கட்டிலில் படுத்தபடி மகேந்திரகிரி தெரியும் என்று
நான் மட்டும் போட்டு வைத்திருந்த கணக்கு.
பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

தவசிமணி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.
"லிண்டல மட்டும் ஓட்டிருதேன் தாயி.
கீழ செங்கல லேசான கலவையில சும்மா அடுக்குதேன்.
காசு வரும்போது நாலு தட்டு.
தொறந்துகிடும்."
அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.
வரவா செலவா தெரியாமல்
அந்த வரியை நோட்டில் காலியாக விட்டேன்.
அன்றைக்கு டீ குடித்தார்.

மொத்தம் ஏழு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
பூசி, வெள்ளையடித்து, பாலும் காய்ச்சியாயிற்று.
வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் சொன்னார்கள்:
"ரூமு நல்லாத்தான் இருக்கு,
காத்துதான் இல்ல."

இடது மூலையிலிருந்து நாலடி,
தரையிலிருந்து மூன்றடி.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
அங்கே உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறது காற்று,
அட்வான்ஸ் கொடுத்த ஆள் மாதிரி.