கசகசா

பாயிண்டர் இனம். வெள்ளை உடம்பெங்கும்
கசகசாவை இறைத்ததுபோல் புள்ளி.
ஆறாவது மாடிக்கு வந்த முதல் வாரமே
என் இடது செருப்புகள் நான்கும் போயின;
வலதுகளைத் தொடவே இல்லை.

"ஓடவிட்டுக் களைப்பாக்குங்கள், அடங்கிவிடும்"
என்றார் டாக்டர் பொன்னப்பா.
களைத்தது நான்.

ஐந்தரைக்கு சர்வீஸ் லிஃப்ட்டில் இறங்கி
அகரா ஏரிக்கரையில் நான்கு சுற்று.
வீடு வந்து காது துடைத்து,
விரலிடுக்கில் உண்ணி தேடி
முடிப்பதற்குள்
வாயில் பந்து.

இன்று கோரைப்புல் ஓரம்
ஒரு நீலத் தாழைக்கோழி.
அத்தனை ஓட்டமும் சட்டென உறைந்தது:
முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில்,
மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு.
யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.
அதன் தாயே ஜெயநகரில்
ஒரு பால்கனியில் பிறந்ததுதான்.

மூன்று நிமிடம்.
வாட்ச்மேன் சித்தலிங்கையாகூட
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பிறகு, தலை அசையாமல்
கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியது:
காட்டிவிட்டேன்,
இனி உன் வேலை.

என் ஒரு கையில் கயிறு,
மறு கையில் அதன் கழிவு கட்டிய பை.

"சமத்து" என்றேன்.

கோழி சேற்றில்
அவசரமில்லாமல் நடந்து போனது.
கால் இன்னும் இறங்கவில்லை.