இதர

ஏற்காட்டில் மழை பிடித்தால்
எனக்குத் தெரிய இரண்டரை மணி நேரம் ஆகும்.
வானத்தைப் பார்ப்பதில்லை நான்.
கிணற்றுச் சுவரில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு,
அதைத் தண்ணீர் தொட்டால்
மேலே பெய்திருக்கிறது.

தண்ணீர் என்பது வாய்ப்பழக்கம்.
குகை, லைன்மேடு, தாதகாப்பட்டி
குளித்தது, கழுவியது, கொட்டியது,
கதவைத் தாழிட்டுக்கொண்டு கொட்டியது
எல்லாம் ஒரே குழாயில் வந்து
என் கம்பிச் சட்டத்தில் நெற்றியை முட்டும்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருபது மில்லிமீட்டர்.
நுழைவது பம்புக்கு.
நுழையாதது எனக்கு.

பதிவேட்டில் நான்கு கட்டம்:
துணி. பிளாஸ்டிக். மணல். இதர.
கிலோவில் எழுத வேண்டும்.

முடிக்குக் கட்டம் கிடையாது.
அது தனியாக வராது,
எதையாவது கட்டிக்கொண்டுதான் வரும்.
வைகாசியில் மாங்கொட்டைகள்
மழிக்காத தாடியோடு வரிசையாக நிற்கும்.
ஆடியில் வேப்பிலை.
வெள்ளிப் பட்டறைத் தெருக்களிலிருந்து மட்டும்
ஒன்பது வருசத்தில் ஒரு குன்றிமணி வந்ததில்லை.
கை கழுவிய தண்ணீரையும்
சலித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

இதர என்றால்
ஒரு பல்செட்டு, மேல்வரிசை மட்டும்.
யாரோ கோபத்தில் விட்ட செல்போன்.
ஒருமுறை முடிக்கற்றையில் சிக்கி
விரல் நீள வெள்ளைக் குச்சி,
அதில் இரண்டு சிவப்புக் கோடு.
தராசு முள் அசையவில்லை.
நானும் எழுதவில்லை.
இந்த ஊரில் அதைப் பார்த்தது
அவள், அப்புறம் நான்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஒன்று நாற்பதுக்குச் சிவப்புக் கோடு முழுகியது.
வாரியின் சங்கிலி பாதியில் நின்று
மோட்டார் ஒருமுறை முனகி, அணைந்தது.
சூப்பர்வைசர் குணசீலன் போனில் சொன்னார்:
'மாதுவை இறக்கிவிடுங்கம்மா,
ரெண்டு நிமிச வேலை.'
'தெரியும் சார்,' என்றேன்,
'ரெண்டே நிமிசம்தான் ஆகும்.'

அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குள் சின்னமாது
சட்டையைக் கழற்றி, நான்காய் மடித்து,
ஜெனரேட்டர் மேல் வைத்திருந்தான்.
பையில் இருந்த சில்லறையைத் தனியாக
அதன்மேல் வைத்திருந்தான்.
அந்தச் சில்லறையைப் பார்த்தேன்.
சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டு
மேலே உட்கார்ந்துகொண்டேன்.
'கொக்கியை எடு' என்றேன்.

பதினெட்டடி மூங்கில், முனையில் கொக்கி.
மேலிருந்தே துழாவினான்.
பிறகு நான். பிறகு அவன்.
லைன்மேட்டில் மூடி எகிறிவிட்டதாம்.
களரம்பட்டியில் ஒரு வீட்டில்
குளியலறைக்குள் முழங்கால் வரைக்குமாம்.
கல்யாண வீடு என்று ஒருவர் அழுதார்.
என் அம்மாவை இழுத்து ஒருவர் பேசினார்.
'வேலை நடக்குதுங்க,'
'வேலை நடக்குதுங்க.'
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு ஏதோ இளகியது.
இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தோம்.
ஜன்னல் திரை.
நீலப்பூ போட்டது,
வளையங்கள் ஏழும் அப்படியே.
எந்த வீட்டு ஜன்னல்
அன்று முழுக்கத் திறந்து கிடந்ததோ.

ஈரத்தோடு பதினொரு கிலோ.
துணிக் கட்டத்தில் எழுதினேன்.
சின்னமாதுவைத் தராசில் ஏறச் சொன்னேன்.
'எதுக்குக்கா?' என்றான், ஏறினான்.
ஐம்பத்தெட்டரை.
கசங்கிய சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு
சில்லறையை எண்ணி
டீ வாங்கப் போனான்.

மாதக் கடைசியில் மெமோ வந்தது.
லாரி எடைக்கும் பதிவேட்டுக்கும்
ஐம்பத்தெட்டரை கிலோ இடிக்கிறதாம்.
இதர கட்டத்தில் காட்டப்பட்டுள்ள பொருள்
தற்போது எங்குள்ளது என்று
எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம்.

சட்டத்தில் ஒரு செருப்பு முட்டிக்கொண்டிருக்கிறது.
அவன்தான் வாரிக்கொண்டிருக்கிறான்.
பதில் இன்னும் எழுதவில்லை.