கோபப்படாத வெங்காயம்

ஓதில் அம்மாவுக்கு டிசம்பர் என்றால் வெங்காயம்.
ஒன்றரைக் கிலோ, ஒரே கனத்தில், தாள் தாளாக.
முதல் வருஷம் பத்தே நிமிஷத்தில் வதக்கி
ஓரம் கருக இறக்கி வைத்தேன்.
கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தாள்.
"இது கோபப்பட்ட வெங்காயம், அஞ்சல"
என்றாள் உடைந்த இந்தியில்.
(என் பெயர் அஞ்சலாட்சி.
பாதிக்குமேல் அவள் நாக்கு ஏறாது.)
தீயைத் தணித்தாள், இரண்டு முக்காலி இழுத்துப் போட்டாள்.
ஒரு மணி நேரம்
சம்பளம் வாங்குகிறவளும் கொடுக்கிறவளும்
வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிஜாமுதீன் கிழக்கில் அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்
மாதவாரியாக ஒரு காகிதம்.
ஏப்ரலுக்கு நேரே ஏதோ வெள்ளைத் தண்டு,
மே மாதம் பச்சைப் பட்டாணி, ஜூனில் செர்ரி.
டெல்லிக்கு அதைப் படிக்கத் தெரியாது.
ஏப்ரலில் இங்கே புழுதிக்காற்று,
ஜூனில் குழாய்த் தண்ணீரிலேயே டீ போடலாம்.
போகல் சந்தையிலிருந்து ஒரு சனவரிக் காலையில்
பட்டாணிப் பையைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.
ஒன்றை உரித்து வாயில் போட்டவள்
பேனா எடுத்து மே-யை அடித்தாள்.
அடித்து அடித்து மூன்றாம் வருஷம்
காகிதத்தில் பாதி என் சந்தை.

சிவப்புக் கேரட்டைத் துருவி
எலுமிச்சை பிழிந்து பச்சையாகத் தின்பாள்.
கோசுமல்லி என்றேன்.
அவள் வேறு பெயர் சொன்னாள்.
கடுகு இரண்டிலும் உண்டு,
என்னுடையது வெடிக்கும், அவளுடையது கரையும்.

கறிக்குழம்பில் அரை பாட்டில் ஒயின் கவிழ்த்தபோது மட்டும்
நான் பால்கனிக்குப் போய் நின்றேன்.
"கொதித்தால் போதை போய்விடும், ருசி நிற்கும்."
என் வீட்டுக்காரரையும் அப்படி
ஒருதரம் கொதிக்க வைத்திருக்கலாம் என்று
தமிழில் சொன்னேன்.
புரியாமலே சிரித்தாள். நானும்.

போன ஜூலையில் நைரோபிக்கு மாற்றல்.
ஆரஞ்சு நிற இரும்புச் சட்டியை எனக்கு வைத்துவிட்டுப் போனாள்.
என் மகன் எழில்வேந்தன் ஆட்டோவில் ஏற்றுகையில்
இதில் சாம்பாரா வைப்பாய், பிணமா எரிப்பாய் என்றான்.
அந்த வீட்டுக்கு வந்தவர்கள்
போனை அழுத்திச் சாப்பிடுகிறார்கள்.
எனக்கு அங்கே டப்பா கழுவும் வேலை.

இன்று ஜங்புராவில் மூடுபனி.
சுவரும் தண்ணீரும் ஒரே குளிர்.
எதற்கென்று தெரியாமல் சட்டியை எடுத்தேன்.
வெங்காயம் கண்ணாடியாகி, தேனாகி,
நாற்பதாவது நிமிஷம் சிலிண்டர் தீர்ந்தது.

இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு
சற்குணம் வீட்டுக் கதவைக் காலால் தட்டினேன்.
"கேஸ் என்ன விலை விக்குது, வெங்காயத்தைப் போய்
தாலாட்டிக்கிட்டு இருக்கே" என்றாள்.
திட்டிக்கொண்டே அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தாள்.
தீயைக் கூட்டப் போன கையைத் தட்டிவிட்டேன்.
"அவசரப்பட்டா கோவிச்சுக்கும்."
"எது?"
"வெங்காயம்."
மேலும் கீழும் பார்த்தாள்.

காய்ந்த பாவ் ரொட்டி நாலு,
மேலே அமுல் சீஸ் கட்டியைச் சீவிப் போட்டேன்.
அது உருகாமல் முறைத்தது.
மகன் ஒரு வாய் குடித்துவிட்டு
ரசத்தில் ரொட்டி விழுந்துவிட்டதே என்றான்.
பிறகு பேசாமல் கிண்ணத்தை நீட்டினான்.

படம் அனுப்பினேன். குரல் செய்தி வந்தது.
அங்கே டிசம்பரில் வெயிலாம், மாம்பழமாம்.
புதுக் காகிதம் ஒட்டியிருக்கிறாளாம்,
வெங்காயத்துக்கு எந்த மாதம் போடட்டும் என்கிறாள்.

காலையில்தான் பதில் சொல்ல வேண்டும்.
சட்டியின் அடியில் பிடித்ததை
சற்குணம் விரலால் வழித்துக்கொண்டிருக்கிறாள்.
அவளிடம் உப்புக் கேட்டால்
இப்போது காதில் விழாது.