வாரம் ஏழு மில்லிமீட்டர்

காட் மீனின் முதுகெலும்பில் கத்தி நழுவியது.
இரத்தம் பிறகுதான் வந்தது.
முதலில் வந்தது ஒன்றுமில்லாமை:
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
மோதிரவிரலில் பாதி.
பாதி என்றால் சரிபாதி.
நடுவே யாரோ வரப்பு வெட்டியதுபோல.

தோர்ஸ்ஹவ்ன் மருத்துவமனையில் ஹேர்கெய்ர்
தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்.
“தைத்தது உறையை மட்டும்.
உள்ளே இருப்பவை தாமாக நடந்து வரவேண்டும்.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்,
அதுவும் நல்ல நாளில்.”

நான் கிளாக்ஸ்விக்காரி.
மீன் விலையும் படகு திரும்பும் நேரமும்
மனக்கணக்காகவே வரும்.
இந்தக் கணக்குக்கு விரல் போதவில்லை.
இருந்தவையும் மரத்த விரல்கள்.

விரல்நுனியில் குளிரை அறியும் செல்
விரலில் குடியிருப்பதில்லையாம்.
கழுத்தெலும்பின் ஓரம் ஒரு சிறு முடிச்சில் உட்கார்ந்தபடி
தோள் தாண்டி, முழங்கை தாண்டி
ஒற்றை இழையை நீட்டிப் பிடித்திருக்கிறது.
கண்ணுக்கே தெரியாத அது
அன்று என் மேசையில் கிடந்த மீனைவிட நீளம்.

வெட்டுக்கு அப்பால் இருந்த இழையெல்லாம் செத்தது.
ஷ்வான் செல்கள்
தாங்கள் சுற்றிவைத்த கொழுப்புறையைத் தாங்களே தின்று
குப்பை வாரி
வெறும் குழாய்க்குள் வரிசையாக நின்றனவாம்,
வருகிறவனுக்கு வழி காட்ட.
யார் வருவான் என்று தெரியாமலே.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.
பார்பா வாரம் இருமுறை
என் விரல்களை அரிசிக்குள் புதைப்பாள்,
உப்புத்தாளில் தேய்ப்பாள்.
“நினைவுபடுத்து” என்பாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
காபிக் கோப்பை சுட்டதை
கொப்புளம் வந்த பிறகே கண்டேன்.

ஹானுஸ் பக்கத்து வீடு.
ஆறு வருடம் முன் படகின் சரக்கறைக்குள் விழுந்தான்.
தண்டுவடம்.
தொப்புளுக்குக் கீழே அவனுக்கு யாரும் இல்லை.
ஞாயிறுதோறும் சக்கர நாற்காலியில் வருவான்,
சட்டைப் பையில் நீலப் பேனா.
என் கையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போவான்.
இங்கே? இல்லை.
இங்கே? இல்லை.
இங்கே?
சுரீரென்று செத்த விரலில் மின்சாரம் பாயும்.
தட்டிய இடத்தில் ஒரு புள்ளி வைப்பான்.
போன வாரத்துப் புள்ளிக்கு ஏழு மில்லிமீட்டர் தள்ளி.
ஐந்தே நகர்ந்த வாரம்
முகம் வாடியது அவனுக்குத்தான்.

ஒருநாள் கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
உனக்கும் அதே இழைகள்தானே, ஏன் வளரவில்லை?
பேனாவை மூடாமல் சொன்னான்:
“உன்னுடையது கையில் அறுந்தது.
என்னுடையது முதுகெலும்புக்குள் நசுங்கியது.
அங்கே சட்டம் வேறு, ரன்வா.
புண் பரவாமலிருக்க
விண்மீன் வடிவச் செல்கள் ஓடிவந்து சுவர் எழுப்பின.
நல்ல சுவர். மிச்சத்தைக் காப்பாற்றிய சுவர்.
ஆபத்து முடிந்தது என்று
அவற்றுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.”
பிறகு காபிக்குச் சர்க்கரை கேட்டான்.

நவம்பர்.
புள்ளிகள் மணிக்கட்டு கடந்து
உள்ளங்கை கடந்து
சுட்டுவிரலின் கடைசிக் கணுவில் நின்றன.
கழுவிக் கழுவி மங்கியவற்றை
ஒன்றுவிடாமல் மறுபடி எழுதிவைத்திருந்தான்.
கண்ணை மூடச் சொன்னான்.
தொட்டான்.
“கட்டைவிரல்” என்றேன்.

நாற்காலி குலுங்கச் சிரித்தான்.
தொட்டது சுட்டுவிரலை.
ஏதோ ஓர் இழை இருட்டில் குழாய் மாறி
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.
மூளையோ
பழைய விலாசத்தையே படித்துக்கொண்டிருக்கிறது.
“போகட்டும்” என்றான்,
“யாரோ ஒருத்தன் வந்து சேர்ந்தானே.”

மறுபடி தொட்டான்.
மறுபடி தப்பாகச் சொன்னேன்.
வெளியே மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது,
துறைமுக விளக்குகள் நனைந்து எரிந்தன.

“உன் கை ஜில்லென்று இருக்கிறது” என்றேன்.

சிரிப்பு நின்றது.
பேனாவைத் தேடினான்.