ஐந்து காசு உதைக்கிறது

இரவு பதினொன்றே முக்கால்.
சிராங்கூன் ரோட்டில்
எங்கள் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
கல்லாவில் ஐந்து காசு உதைக்கிறது.

மூன்றாவது முறை எண்ணுகிறேன்.
"விட்டுத் தொலை, ஜெசிந்தா,
அடிக்கிற கூலிக்கே கட்டாத காசு.
நிறுத்தித் தொலைத்தால் எல்லாருக்கும் நிம்மதி"
சாவியை ஆட்டுகிறார் மேனேஜர் கஸாலி.

நியாயம்தான்.
மீதி கொடுத்தால் பாதிப்பேர்
தட்டிலேயே விட்டுப் போகிறார்கள்.
சில்லறையை வங்கியில் போட
அதற்கொரு கட்டணம்.
ஒரு காசு போனபோது யார் அழுதார்கள்?

சாயங்காலம் ஒருவர் வந்தார்,
பணிச்சட்டையில் பெயிண்ட் காயவில்லை.
ஒரு ரொட்டி, ஒரு வெள்ளி தொண்ணூறு.
முழுக்க ஐந்து காசுகள்;
பத்துப் பத்தாய் அடுக்கினார்.
வரிசை போனைப் பார்த்தது.
நானும் உச்சுக்கொட்டினேன், பொய் சொல்வானேன்.

கடைசி அடுக்கில் எட்டு வேண்டும்.
ஏழுதான் இருந்தது.
அவர் மறுபடி எண்ணத் தொடங்குமுன்
வாரிக் கல்லாவில் போட்டுவிட்டேன்.

இதை கஸாலியிடம் சொல்வதாக இல்லை.
என் பர்ஸைத் துழாவுகிறேன்:
கார்டு, கார்டு, மாத்திரை,
ஒரே ஒரு பத்துக் காசு.

போட்டேன்.

இப்போதும் ஐந்து காசு உதைக்கிறது,
அந்தப் பக்கமாக.